பின்லாந்தின் வெண்கலச் சிற்ப நகை: வாங்குமுன் பார்க்க வேண்டியவை, வாங்கியபின் செய்யக் கூடாதவை

வெண்கலம் என்றால் நமக்குப் பொங்கல் பானை, உருளி, கோயில் திருமேனி. கழுத்தில் போடுகிற உலோகமாக அதை நாம் நினைப்பதில்லை. பின்லாந்தில் நிலைமை வேறு. அங்கே இரும்புக் காலக் கல்லறைகளிலிருந்து கிடைத்த நகைகளில் பெரும் பகுதி வெண்கலம்தான். 1935-ல் பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலாவின் நூற்றாண்டு வந்தபோது எல்சா ஹெபோராவுத்தா என்ற எழுத்தாளர், காவியத்துப் பெண்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப் பணம் திரட்ட நினைத்தார். அருங்காட்சியகத்தில் இருந்த பழைய நகைகளின் வடிவங்களை எடுத்துப் புதிதாக வார்த்து விற்கலாம் என்பது யோசனை. கெர்முண்ட் பாயெர் அவற்றை வரைந்து கொடுத்தார். 1937-ல் முதல் நகைகள் விற்பனைக்கு வந்தன. கலேவலா கோரு என்ற நிறுவனம் இப்படித்தான் பிறந்தது.

பழைய வடிவங்களைத் திரும்பச் செய்வது முதல் கட்டம். இந்தக் கட்டுரை பேசுவது அடுத்த கட்டத்தைப் பற்றி. 1960-களிலும் 70-களிலும் பின்லாந்துக் கலைஞர்கள் மரப்பட்டை, லேஸ் பின்னல், பாசி, உருகி உறைந்த எரிமலைக் குழம்பு போன்ற பரப்புகளை வெண்கலத்தில் வார்த்து, கையடக்கச் சிற்பங்களைப் போல நகை செய்தார்கள். விலை தங்கத்தோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. ஆனால் தெரியாமல் வாங்கினால் ஏமாறலாம். வாங்கியபின் தெரியாமல் கழுவினால் பத்தே நிமிடத்தில் பாழாக்கலாம். இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது.

1. யார் செய்தது என்று முதலில் கண் பழகட்டும்

தொடங்குபவர் மூன்று பெயர்களை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

பென்ட்டி சார்ப்பனேவா (1925–1978). புகழ்பெற்ற கண்ணாடிக் கலைஞர் டிமோ சார்ப்பனேவாவின் அண்ணன். இவருடைய வெண்கலத்தில் இரண்டு சாயல்கள் தெரியும். ஒன்று, பழைய பின்லாந்து லேஸ் பின்னலை அப்படியே உலோகமாக்கியது போன்ற துளை வேலை. இன்னொன்று, கருகிய மரம் அல்லது பட்டை போன்ற முரட்டுப் பரப்பில், பட்டை தீட்டாத செவ்வந்திக் கல்லோ புகைநிறப் படிகமோ பதித்த வேலை. டூருன் ஹோபேயா நிறுவனத்துக்காக இவர் செய்தவைதான் சந்தையில் அதிகம் கிடைக்கின்றன.

யோர்மா லைனே. இவரும் டூருன் ஹோபேயாவுக்கு வடிவமைத்தவர். கனமான வளையல்கள், கண்ணியோடு கண்ணி கோத்த அகலமான மாலைகள், நடுவில் பெரிய கல். சார்ப்பனேவா வேலை என்று தவறாக விற்கப்படுபவற்றில் கணிசமானவை இவருடையவை. அதனால் மதிப்பு குறைந்ததாக நினைக்க வேண்டாம். பெயர் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹன்னு இகோனென். வாலோ கோரு என்ற பெயரில் வந்த பனிமான் பாசி வரிசை இவருடையது. வடதுருவப் பக்கம் பனிமான்கள் மேயும் கிளைத்த பாசி, நுனியில் சின்னக் கிண்ணங்களோடு அப்படியே மோதிரமாக, பதக்கமாக, காதணியாக நிற்கும். முதல் துண்டாக வாங்க இதையே பரிந்துரைக்கலாம். சிறியது, இலகுவானது, கல் இல்லாததால் பராமரிப்பும் எளிது.

இந்த நகைகளைப் படத்தில் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேடான இடங்கள் மட்டும் தேன் நிறத்தில் மின்னும். பள்ளங்கள் ஏறக்குறைய கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு அழுக்கு கிடையாது. பட்டறையில் வேண்டுமென்றே ஏற்றிய நிறமும் அதன்மேல் அரை நூற்றாண்டு சேர்ந்த பழுப்பும் கலந்தது. அந்தப் பள்ளத்து இருட்டுதான் வடிவத்தை வரைகிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மஞ்சள் உலோகக் கட்டி.

2. முத்திரையைப் படியுங்கள்

நகையைத் திருப்பினால் பின்பக்கத்திலோ, சங்கிலி கோக்கும் வளையத்திலோ, மோதிரத்தின் உட்புறத்திலோ ரோமன் எழுத்தில் முத்திரை இருக்கும். கலைஞர் பெயர், நிறுவனப் பெயர், பிறகு ‘பிரான்ஸ்’ (bronze, ஆங்கிலத்தில் வெண்கலம்), ‘பின்லாந்து’ என்ற சொற்கள். எல்லாம் எல்லாவற்றிலும் இருக்காது. இடம் சிறியதென்றால் ‘பின்லாந்து’ மட்டும் இருக்கலாம்.

இங்கே புதியவர் எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. பின்னிஷ் மொழியில் ‘ஹோபேயா’ என்றால் வெள்ளி. ‘டூருன் ஹோபேயா’ என்றால் டூர்க்கு நகரத்து வெள்ளி. அது நிறுவனத்தின் பெயர். அவர்கள் செய்த வெண்கல நகையிலும் அதே பெயர்தான் குத்தியிருக்கும். முத்திரையை அகராதியில் தேடிப் பார்த்துவிட்டு ‘வெள்ளி நகை’ என்று விலை ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். பின்லாந்து வெள்ளியில் 830, 925 போன்ற எண்ணும் அதையொட்டி ஹோபேயாவின் முதலெழுத்தான ‘ஹெச்’சும் இருக்கும். வெண்கலத்துக்கு அந்த எண் கிடையாது.

வெள்ளிக்கு ஆண்டு எழுத்தும் உண்டு. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்தது அது: ஏ7 என்றால் 1954, ஜே-யைச் சேர்க்காத வரிசையில் பதினைந்தாம் எழுத்தான பி-யோடு (P) 7 இருந்தால் 1968, ஏ8 என்றால் 1978. வெண்கலத்தில் இது இல்லாததால் ஆண்டை முத்திரையிலிருந்து சொல்ல முடியாது. ஒரே வடிவம் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வந்திருந்தால், வெள்ளித் துண்டின் ஆண்டு எழுத்தைப் பார்த்து வடிவம் எந்தக் காலத்தில் புழங்கியது என்று கணிக்கலாம். விற்பவர் ஒரு வெண்கலப் பதக்கத்துக்கு ‘1971’ என்று துல்லியமாக ஆண்டு சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். ரசீதோ, பழைய விலைப்பட்டியலோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் ‘1970-கள்’ என்று எழுதிக்கொள்வதே நேர்மை.

தேடும்போது பின்னிஷ் சொற்களையும் ரோமன் எழுத்தில் தட்டிப் பாருங்கள். வெண்கலம் ‘ப்ரொன்ஸ்ஸி’ (pronssi), பதக்கம் ‘ரீபுஸ்’ (riipus), மோதிரம் ‘ஸோர்முஸ்’ (sormus), கழுத்தணி ‘கவுலகோரு’ (kaulakoru), கைவளை ‘ரன்னேகோரு’ (rannekoru). ஆங்கிலத்தில் விளம்பரம் செய்பவர் வெளிநாட்டு வாங்குபவரை நினைத்து விலை வைக்கிறார். பின்னிஷில் எழுதியவர் பாட்டி பெட்டியிலிருந்து எடுத்ததை விற்கிறார். விலையில் அந்த வேறுபாடு தெரியும். ஆனால் உள்ளூர் விற்பனையாளர் எல்லோரும் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ அனுப்ப மாட்டார்கள். அனுப்புவார்களா, அஞ்சல் செலவு எவ்வளவு, சுங்க வரி எவ்வளவு வரும் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டபிறகு விலை பேசுங்கள்.

3. விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்

முன்பக்கப் படம் எல்லோரும் போடுவார்கள். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பின்பக்கம் முழுதாக ஒரு படம், முத்திரைக்கு அருகில் ஒரு படம், கொக்கிக்கு ஒன்று, கல் இருந்தால் பக்கவாட்டில் ஒன்று. கூடவே அளவுகோல் வைத்த படமும் கிராமில் எடையும். இவ்வளவும் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று தயங்க வேண்டாம்; பழகிய விற்பனையாளர் முகம் சுளிக்க மாட்டார்.

அளவு ஏன் வேண்டும் என்றால், போலியைக் காட்டிக்கொடுப்பது அதுதான். இந்த நகைகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்தவை. சுவாமிமலையிலும் அடிப்படை அதேதான்: மெழுகில் உரு, அதன்மேல் மண், மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த வெற்றிடத்தில் உலோகம். சுவாமிமலை ஸ்தபதி ஒவ்வொரு சிலைக்கும் மெழுகு உருவைக் கையால் புதிதாகச் செய்கிறார். நகைப் பட்டறையில் மூல உருவிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகைச் செலுத்திப் பல பிரதிகள் எடுப்பார்கள். மெழுகு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், உலோகம் உறையும்போது இன்னும் கொஞ்சம். முறையான பட்டறை இதைக் கணக்கிட்டு மூல உருவைப் பெரிதாகச் செய்யும். முடிந்த நகையிலிருந்து அச்சு எடுத்துப் போலி வார்ப்பவரோ இந்தச் சுருக்கத்தை இன்னொரு முறை வாங்கிக்கொள்கிறார். அதனால் போலி, அசலைவிடச் சில சதவீதம் சிறியதாக இருக்கும். முத்திரை எழுத்துகளின் ஓரம் சோப்பில் எழுதியது போல மழுங்கியிருக்கும். 60 மி.மீ. பதக்கம் 58 மி.மீ. இருந்தால் வெர்னியர் அளவி அதைப் பிடித்துவிடும், கண் பிடிக்காது.

4. கைக்கு வந்ததும் செய்யும் சோதனைகள்

காந்தம் முதலில். வெண்கலம் ஒட்டாது. பதக்கம் ஒட்டினால் உள்ளே இரும்பு, வெளியே முலாம். கொக்கி மட்டும் லேசாக ஒட்டினால் பயப்பட வேண்டாம். வட்டக் கொக்கிக்குள் இருக்கும் குட்டி வில் எஃகுதான்.

அடுத்தது அடர்த்தி. 0.1 கிராம் காட்டும் தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். முதலில் நகையைக் காய்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுகும்படி தொங்கவிடுங்கள். டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. தராசு காட்டும் எண்தான் நகையின் கனஅளவு, மில்லிலிட்டரில். காய்ந்த எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

பதக்கம் 46.2 கிராம், தண்ணீரில் தொங்கவிட்டபோது 5.3 காட்டியது என்றால், 46.2 ÷ 5.3 = 8.7. வெண்கலம் 8.7-லிருந்து 8.9 வரை வரும், பித்தளை 8.4-லிருந்து 8.7 வரை, மலிவான துத்தநாகக் கலவை 6.6 பக்கம். அதே அளவுள்ள துத்தநாகப் பதக்கம் 35 கிராம்தான் இருக்கும். கையில் எடுத்ததுமே தெரியும்.

இந்தச் சோதனை எங்கே தவறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 15 கிராம் மோதிரத்தில் கனஅளவு 1.7 மில்லிலிட்டர் பக்கம். தராசு 0.1 இப்படி அப்படிப் போனாலே விடை 8.3-க்கும் 9.4-க்கும் இடையில் ஊசலாடும். அதாவது சிறிய துண்டில் துத்தநாகத்தை விலக்கலாம், பித்தளையா வெண்கலமா என்று சொல்ல முடியாது. 0.01 கிராம் தராசு இருந்தால் நிலைமை மேம்படும். முரட்டுப் பரப்பில் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டால் அடர்த்தி குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, நூலை லேசாக ஆட்டினால் குமிழ் போய்விடும். படிகக் கல் பதித்த நகைக்கு இந்தச் சோதனை பயன்படாது. படிகத்தின் அடர்த்தி 2.65 மட்டுமே என்பதால் மொத்தக் கணக்கும் கீழே இறங்கிவிடும். ஒட்டிய கல் என்றால் தண்ணீரில் போடவே வேண்டாம்.

கடைசியாகப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி. பின்பக்கத்து ஓரங்களைப் பாருங்கள். பல ஆண்டு அணிந்த நகையில் உடம்பில் உரசிய மேடுகள் மட்டும் வழவழப்பாகி, பள்ளங்கள் பழுப்பாகவே இருக்கும். தேய்மானம் உடம்பு தொடும் இடத்தில் இருக்க வேண்டும். கை எட்டாத பள்ளத்திலும் ஒரே சீரான பளபளப்பு இருந்தால் யாரோ இயந்திரத்தில் மெருகேற்றியிருக்கிறார்கள். ஒரே சீரான கறுப்பு முன்னும் பின்னும் இருந்தால் புதிதாக ரசாயனத்தில் முக்கியிருக்கிறார்கள்.

5. பச்சை எந்தப் பச்சை?

செம்பில் களிம்பு ஏறும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் எல்லாக் களிம்பும் ஒன்றல்ல. இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது.

கொக்கியைச் சுற்றியும், தோல் கயிறு தொட்ட இடத்திலும், மோதிரத்தின் உட்புற மூலையிலும் கரும்பச்சையாக, மெழுகுபோலப் பிசுபிசுவென்று இருப்பது ஒரு வகை. தோலின் எண்ணெய்ப் பசையும் செம்பும் சேர்ந்து உண்டாவது. மூங்கில் குச்சியால் தள்ளினால் உருண்டு வரும். இது ஆபத்தில்லாதது.

வெளிர்பச்சையாக, மாவுபோல, புள்ளி புள்ளியாகப் பொங்கி நிற்பது வேறு வகை. ஆங்கிலத்தில் இதை ‘பிரான்ஸ் டிசீஸ்’ என்பார்கள். வெண்கல நோய் என்று சொல்லலாம். துடைத்தால் கீழே சின்னக் குழி தெரியும். ஒரு வாரத்தில் அதே இடத்தில் திரும்பப் பொங்கும். காரணம் உப்பு. வியர்வையிலிருந்தோ கடற்காற்றிலிருந்தோ குளோரைடு உள்ளே இறங்கி, பழுப்புப் படலத்துக்கு அடியில் செம்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் அது பச்சைத் தூளாக மாறும், கூடவே அமிலத்தையும் உண்டாக்கும். அந்த அமிலம் பக்கத்திலிருக்கும் செம்பைத் தின்று திரும்பவும் அதே குளோரைடை உருவாக்கும். தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் சுழற்சி. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இது உறங்கிக் கிடக்கும். பின்லாந்தின் குளிர்கால வீட்டுக்குள், சூடேற்றிய வறண்ட காற்றில், பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் இருந்த நகை, சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்த இரண்டு வாரத்தில் பச்சை பூப்பது இதனால்தான். விற்றவர் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை, அவருக்கே தெரிந்திருக்காது.

சந்தேகமிருந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் சோதித்துவிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு மூடியின்மேல் நகையை வையுங்கள். பக்கத்தில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. நகையைத் தொடக் கூடாது. 48 மணி நேரம் மூடி வைத்துப் பாருங்கள். வெளிர்பச்சைப் புள்ளிகள் புதிதாக வந்தால் திருப்பி அனுப்புங்கள். நல்ல நகையை வீணாக இந்த ஈரத்துக்கு உட்படுத்த வேண்டாம். சந்தேகம் வந்தால் மட்டும்.

திருப்ப முடியாவிட்டால் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பையில் தனியே வைத்துவிட்டு, அருங்காட்சியகப் பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். இதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் பென்சோடிரையசோல் போன்றவை நச்சு ரசாயனங்கள். சமையலறை மேடையில் வைத்துச் செய்யும் வேலை அல்ல. நோய் என்ற பெயரைக் கேட்டு மற்ற நகைகளுக்குக் காற்றில் தொற்றுமோ என்று அஞ்ச வேண்டாம். தொற்றாது. அதைத் தேய்த்த தூரிகையால் மட்டும் வேறொன்றைத் தேய்க்காதீர்கள்.

6. கழுவுதல்: புளியைத் தொடாதீர்கள்

வெண்கலம், பித்தளை, செம்பு எதைப் பார்த்தாலும் நம் கை தானாகப் புளியைத் தேடும். கல் உப்பும் எலுமிச்சையும் சேர்த்தால் இன்னும் பளிச்சென்று வரும் என்பதும் வீட்டுக்கு வீடு தெரிந்த பாடம். விளக்குக்கு அது சரி. இந்த நகைக்கு அதைவிடக் கொடியது இல்லை. புளியின் அமிலம் பழுப்புப் படலத்தைக் கரைத்துவிடும். ஐம்பது ஆண்டு நிழல் ஒரு நிமிடத்தில் போய்விடும். கலவையில் துத்தநாகம் இருந்தால், அமிலத்தில் அது முதலில் கரைந்து, பரப்பில் இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும். உப்பு அதைவிட மோசம்: முரட்டுப் பரப்பின் நுண்துளைகளில் குளோரைடைக் கொண்டுபோய் நாமே விதைக்கிறோம். மேலே சொன்ன நோயை விலை கொடுத்து வாங்கியதாக ஆகிவிடும். விபூதி, பற்பசை, செங்கல் தூள், பித்தளை துலக்கும் பொடி, வினிகர், அம்மோனியா கலந்த திரவம் எதுவும் வேண்டாம். நகைக்கடை அல்ட்ராசோனிக் தொட்டியும் வேண்டாம். பழைய பசை விட்டுப்போய்க் கல் கழன்றுவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு லிட்டர், கை பொறுக்கும் வெதுவெதுப்பில். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் போதும். போர் தண்ணீர் கூடாது, அதில் உப்பு இருக்கிறது. அமிலமோ காரமோ இல்லாத மென்மையான திரவ சோப்பு மூன்று நான்கு சொட்டு. நகையை இரண்டு நிமிடம் வைத்து, குழந்தைகளுக்கான மென்மையான பல் தூரிகையால் ஒரே திசையில் வருடுங்கள். மெழுகுப் பச்சையை மூங்கில் பல்குச்சியால் எடுங்கள். ஊசி வேண்டாம், கீறல் விழும். சோப்பில்லாத தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து மூன்று நான்கு நிமிடம் காட்டுங்கள். கண்ணிகளுக்கு நடுவிலும் கல்லுக்குப் பின்னாலும்தான் ஈரம் ஒளிந்திருக்கும். பிறகு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். கல் ஒட்டிய நகை என்றால் முக்காமல், நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

ஏற்கெனவே யாரோ பளபளவென்று தேய்த்துவிட்ட நகை கையில் வந்தால்? கறுப்பாக்கும் கந்தகக் கரைசல் கடையில் கிடைக்கும். அவசரப்படாமல் இருப்பதே மேல். பள்ளங்களில் மெழுகு பூசாமல் அணிந்துவந்தால் சில மாதங்களில் தானே மங்கத் தொடங்கும். தேய்த்த நகை விலை குறைவாகவும் கிடைக்கும் என்பதால், தினமும் போட்டுப் பழக அப்படிப்பட்ட ஒன்றை வாங்குவது புத்திசாலித்தனம்தான்.

7. மெழுகுப் பூச்சு

ஈரத்திலிருந்தும் வியர்வையிலிருந்தும் காப்பது மெல்லிய மெழுகுப் படலம். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு வேண்டும். ரெனைசான்ஸ் வாக்ஸ் என்ற பெயரில் சிறு டப்பாவாகக் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு, செய்யாதீர்கள். எண்ணெய் நாள்பட்டால் அமிலமாகி, முன்சொன்ன மெழுகுப் பச்சையை அதுவே உண்டாக்கும்.

ஒரு பதக்கத்துக்குப் பச்சைப்பயறு அளவு மெழுகு போதும். பருத்தித் துணியில் எடுத்துப் பின்பக்கத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் தோலைத் தொடுவது அதுதான். இரண்டு மூன்று நிமிடம் விட்டு வேறு துணியால் துடைத்துவிடுங்கள். வழக்கமாக நடக்கும் தவறு, அதிகமாக அப்புவது. பட்டை வேலையின் ஆழத்தில் மெழுகு தங்கி, காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அப்படி ஆனால் டிரையர் சூட்டில் இளக்கி, உலர்ந்த தூரிகையால் எடுத்துவிடலாம். வாரம் இரண்டு மூன்று முறை அணிந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூசுங்கள்.

8. அணிதல்

பெரிய பதக்கங்கள் 40 கிராமுக்கு மேல் போகும். அவை நீளச் சங்கிலிக்காகவே செய்தவை. 60 முதல் 70 செ.மீ. சங்கிலியில் நெஞ்சின்மேல் தொங்கினால்தான் வடிவமும் தெரியும், கழுத்தும் வலிக்காது. கைத்தறிப் பருத்தி, கதர், ஒரே நிறத்துத் துணி ஆகியவை இதற்குப் பொருந்தும். கனமான ஜரிகைப் பட்டோடு போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். அதைவிட, முரட்டு ஓரங்கள் பட்டு இழையைப் பிடித்து இழுத்துவிடும். பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு நகையின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். இழை சிக்கும் இடம் எதுவோ அங்கேதான் சேலையும் சிக்கும். அந்த முனையை அரம் போட்டு ராவாதீர்கள். பின்னால் மெல்லிய பருத்தித் துணியைத் தற்காலிகமாகக் கட்டலாம், அல்லது வேறு உடைக்கு மாறலாம்.

மோதிரத்துக்கு விரல் சுற்றளவை நம்பாமல், பொருந்தும் உங்கள் மோதிரத்தின் உள்விட்டத்தை மி.மீ.-ல் அளந்து கேளுங்கள். வார்ப்பு வெண்கலத்தை வளைத்துப் பெரிதாக்குவது சரிவராது; வளைக்க வளைக்க அது இறுகி, ஒரு கட்டத்தில் விரிசல் விட்டுவிடும். வாய் திறந்த வளையலையும் ஒவ்வொரு முறையும் விரித்து அமுக்காதீர்கள். மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை வாய்க்குள் செருகித் திருப்பினால் விரிக்காமலே ஏறும்.

தோலில் பச்சைக் கறை படிந்தால் சோப்பு போட்டால் போய்விடும். அரிப்பும் தடிப்பும் வந்தால் அது வேறு விஷயம். பெரும்பாலும் காரணம் வெண்கலமாக இருக்காது, கொக்கியிலோ காதுக் கம்பியிலோ உள்ள நிக்கல் முலாமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நகை நிக்கலுக்குக் கட்டுப்பாடு விதித்த சட்டம் 1994-ல்தான் வந்தது. இந்த நகைகள் அதற்கு முந்தியவை. நிக்கல் சோதனைத் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தால், நிக்கல் இருக்கும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். காதுக் கம்பியைத் தயங்காமல் டைட்டானியத்துக்கோ தங்கத்துக்கோ மாற்றிவிடுங்கள். அசல் கம்பியைத் தூக்கிப் போடாமல் பொட்டலமாகக் கட்டி நகையோடு வையுங்கள்.

எல்லாம் உடுத்தி, வாசனைத் திரவியமும் அடித்து முடித்தபின் கடைசியாக அணியுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுங்கள். கடற்கரைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் பின்பக்கத்தை ஒரு முறை துடைப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. களிம்பில் பாதி அதிலேயே நின்றுவிடும்.

9. வைக்கும் இடமும் பழுதும்

அழகான மரப்பெட்டி, வெல்வெட் உறை இரண்டும் வேண்டாம். மரமும் ஒட்டுப்பலகையும் மெல்ல அமில ஆவியை விடும். கம்பளித் துணியும் ரப்பர் வளையமும் கந்தகத்தை விடும். உணவு வைக்கும் பாலிஎத்திலீன் ஜிப் பை, உள்ளே கறையில்லாத வெள்ளைப் பருத்தித் துணி, பத்து கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறும் ஜெல்லை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்பது தெரியும். தோல் கயிற்றில் கோத்த பதக்கத்தைக் கழற்றித் தனியே வையுங்கள். ஒரு பையில் ஒரு நகைதான்.

இணைப்பு வளையம் அறுந்தால் ஒரு மி.மீ. செம்புக் கம்பியில் புதிது செய்து மாட்டலாம். வளையத்தின் வாயை அகல விரிக்காமல், இரண்டு குறடால் பிடித்து ஒரு பக்கம் முன்னும் மறு பக்கம் பின்னுமாகத் திருப்பித் திறந்து, அதே வழியில் மூடுங்கள். விரித்து மூடினால் வட்டம் கெடும், வாய் சரியாகச் சேராது, பதக்கம் எங்கேயாவது நழுவிவிடும். பத்தரிடம் பற்றவைக்கக் கொடுப்பது கடைசி வழி. நெருப்பு பட்டால் கல் விரிசல் விடும், சுற்றியுள்ள நிறம் முழுதும் எரிந்துபோகும், பிறகு அவர் வழக்கப்படி அமிலத்தில் போட்டு மெருகேற்றித் தருவார். கொடுத்தே ஆக வேண்டுமானால் ‘பற்றவைக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் அமிலம் வேண்டாம், மெருகு வேண்டாம்’ என்று ஒரு சீட்டில் எழுதி நகையோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னது பட்டறைப் பையன்வரை போய்ச் சேராது.